டர்போ கிடைத்துவிட்டது, போல்ட் எங்கே?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: 2012 ஸ்விஃப்ட் டீசல், டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) போய்விட்டது. கோவை உக்கடத்தில் பழைய டர்போ ஒன்று எடுத்தேன். ஸ்டட் (தலை இல்லாத போல்ட்), நட், கேஸ்கெட் (இடுக்கில் கசியாமல் அடைக்கும் தகடு), ஆயில் பைப் போல்ட் எதுவும் கூட வரவில்லை. பொள்ளாச்சியில் ஹார்டுவேர் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா?

சிலதைப் போடலாம் தம்பி, எல்லாவற்றையும் முடியாது. அதற்கு முன் அந்த டர்போ உங்கள் வண்டிக்குரியதுதானா என்று பாருங்கள். உங்களுடையது 75 குதிரைத்திறன் இன்ஜின். அதே 1.3 லிட்டர் இன்ஜின்தான் எர்டிகாவிலும் எஸ்எக்ஸ்4லிலும் 90 குதிரைத்திறனில் வந்தது, அதன் டர்போ வேறு. "ஒரே இன்ஜின்தான் அண்ணா, உட்காரும்" என்று புரோக்கர் சொல்வார். உட்காரவில்லை என்று திரும்பப் போனால் அந்த ஆளே அங்கே இருக்கமாட்டார். பில் இல்லாமல் ரூபாய் கொடுத்திருந்தால் அத்தோடு சரி.

இப்போது போல்ட். தலையில் 8.8 அல்லது 10.9 என்று உறுதியைக் காட்டும் எண் இருக்க வேண்டும், எண் இல்லாதது கேட்டுக்கும் கிரில்லுக்கும் போடுகிற சரக்கு. பளபளவென்று ஸ்டெயின்லெஸ் எடுத்துக் கொடுப்பார்கள், துருப்பிடிக்காது என்பார்கள், உண்மைதான், ஆனால் அடுத்த தடவை கழற்றப் போனால் நட்டும் ஸ்டட்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு முறிந்துதான் வரும், சூட்டுப் பக்கத்தில் கேட்கவே வேண்டாம். மரையும் பார்க்க வேண்டும். எம்10, அதாவது 10 மி.மீ. போல்ட், என்று கேட்டால் 1.5, 1.25, 1.0 என மூன்று பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி, மி.மீ.யில்) இருக்கிறது. விரலால் நான்கைந்து சுற்று லேசாகப் போனால்தான் சரியான மரை. இரண்டு சுற்றில் இறுகினால் ஸ்பேனரை எடுக்காதீர்கள், மரை போய்விடும்.

ஆயில் பைப் போல்ட்டைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். அது சாதாரண போல்ட் இல்லை, உள்ளே துளை, பக்கத்தில் ஓட்டை, ஆயில் அதற்குள்ளேதான் போகிறது. பேன்ஜோ போல்ட் என்பார்கள். டர்போ தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது, அதைத் தாங்குவது அந்த ஆயில் படலம் மட்டும்தான். போன ஆடியில் வேலந்தாவளம் பக்கத்து வண்டி ஒன்று வந்தது, பழைய டர்போ மாட்டி மூன்று வாரம்தான், தண்டு ஆடிக்கொண்டிருந்தது. போல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டையில் கடுகளவு சிவப்பு சிலிக்கான் பேஸ்ட். கேஸ்கெட் வாங்கச் சோம்பல்பட்டு எவனோ பேஸ்ட்டைத் தடவியிருக்கிறான். ஆயில் வரும் பக்கத்தில் பேஸ்ட் கூடாது. இரண்டு புது செம்பு வாஷர் போதும், பழையதைத் திருப்பிப் போடாதீர்கள்.

எல்லாப் போல்ட்டும் வலதுபுறம் சுற்றினால் இறுகும் என்று நினைப்பீர்கள். டர்போவில் காற்று இழுக்கும் விசிறியின் நடுவில் உள்ள நட் பல மாடல்களில் இடது மரை. சுத்தம் செய்கிறேன் என்று வழக்கம்போல் கழற்றும் பக்கம் திருப்பினால் அது இன்னும் இறுகும், தம் கட்டினால் தண்டு முறியும். தண்டும் விசிறியும் சேர்த்து பேலன்ஸ் செய்யப்பட்டவை, கழற்றினாலே பேலன்ஸ் போச்சு. ஆகவே எந்த மரையாக இருந்தாலும் அந்த நட்டில் கை வைக்காதீர்கள். (இது தெரியாத மெக்கானிக்குகளையும் பார்த்திருக்கிறேன், கேட்டால் இருபது வருட சர்வீஸ் என்பார்கள்.)

கம்பெனி ஷோரூமில் ஒரு ஸ்டட் கேட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு "அசெம்பிளியாகத்தான் வரும் சார்" என்பார்கள். மாருதி 2020 ஏப்ரலோடு டீசலையே நிறுத்திவிட்டது, இனி அவர்களுக்கு இதில் என்ன அக்கறை? இருந்தாலும் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து பார்ட் நம்பரை எழுதி வாங்கிவிடுங்கள், அதை வைத்து வெளியில் ஸ்பேர் கடையில் கேஸ்கெட்டும் பேன்ஜோ போல்ட்டும் கேட்கலாம். ஸ்டட்டுக்கும் நட்டுக்கும் கோவையில் பம்ப்செட் கம்பெனிகளுக்கு சப்ளை செய்கிற போல்ட் கடைகளுக்குப் போங்கள், எண்ணிக்கைக்குத் தருவார்கள்.

மாட்டியதும் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். ஆயில் துளையில் கொஞ்சம் புது ஆயில் ஊற்றி, விசிறியைக் கையால் சுற்றிவிட்டு, அப்புறம் பைப்பைப் பூட்டுங்கள். ஸ்டார்ட் ஆனபின் ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடட்டும், ரேஸ் கொடுக்க வேண்டாம். செத்துப்போன டர்போவை இப்போதே எடைக்குப் போட்டுவிடாதீர்கள், அதிலிருக்கும் போல்ட்டையும் ஸ்டட்டையும் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டுதான் கடைக்குக் கிளம்ப வேண்டும்.