கேளுங்க அண்ணாச்சி: வட்டமா ஒரு ஊரு

குளச்சல் வாசகர்: பாக்தாத்தை முதல்ல வட்டமா கெட்டுனாங்கன்னு படிச்சேன். இப்ப போனா பாக்க முடியுமா அண்ணாச்சி?

முடியாது தம்பி, அந்த வட்டத்துல ஒண்ணும் மிச்சமில்ல. 762ல அப்பாசிய கலீஃபா அல்மன்சூர் தொடங்குன ஊரு அது. தரையில சாம்பலால கோடு போட்டு, அதுமேல பருத்திக்கொட்டைய பரத்தி எண்ணெய் ஊத்தி கொளுத்தச் சொல்லி, ஊரு எப்படி வரும்னு நெருப்புலயே பிளான் பாத்தாருன்னு அந்தக் கால வரலாற்று ஆசிரியர் தபரி எழுதி வச்சிருக்காரு, மனுசனுக்கு என்ன ரசனைன்னு பாருங்க. நாலு வாசல்: கூஃபா, பஸ்ரா, குராசான், ஷாம் (அதாவது சிரியா). எந்தப் பக்கம் ரோடு போகுதோ அந்தப் பேரு, அவ்வளவுதான். நடுவுல அரண்மனையும் பள்ளிவாசலும்.

எல்லாரும் 1258ல வந்த மங்கோலியர் தலையில பழியப் போடுறாங்க. ஆனா அதுக்கு ரொம்ப முன்னாலயே அந்த வட்டம் சிதைஞ்சாச்சு. முக்கால்வாசி வெயில்ல காயவச்ச சுடாத செங்கல், அதுக்கு ஆயுசு எவ்வளவு? 812, 813ல மன்சூரோட கொள்ளுப்பேரனுங்க அமீனும் மாமூனும் அடிச்சுக்கிட்டப்ப முற்றுகையில பாதி நொறுங்கிச்சு, அரண்மனையோட பச்சைக் குவிமாடம் 941ல இடிமழையில விழுந்துச்சு.

தக்கலை வாசகி: செங்கல்லுக்காக பழைய பாரசீக அரண்மனைய இடிச்சாங்களாமே, நெசமா?

ஆமா தங்கச்சி, பக்கத்துல டெஸிஃபோன்ல இருந்த கிஸ்ரா, அதாவது பாரசீக ராஜாவோட அரண்மனைதான். காலித் பர்மகீங்கற அதிகாரி வேண்டாம்னு சொல்லியும் மன்சூர் கேக்கல. கொஞ்சம் இடிச்சுப் பாத்தா, இடிக்கிற கூலி, சுமக்கிற கூலி எல்லாம் சேர்த்து புதுசா செங்கல் அறுக்குறதவிட கூடுதல். காசு விசயத்துல மன்சூர் படு கெட்டி, ஒடனே நிறுத்திட்டாரு. அந்த அரண்மனையோட பெரிய வளைவு இப்பவும் நிக்குது, இடிக்க வந்தவரோட ஊருதான் இல்ல.

நாகர்கோவில் வாசகர்: கூடாரத்துல இருந்த அரபுக்காரங்க திடீர்னு நகரம் கெட்டுனது எப்படி?

மொதல்ல இத திருத்திக்கிடுங்க, மக்காவும் மதீனாவும் ஊருதானே, எல்லாரும் கூடாரத்துல இருக்கல. ஆனா பஸ்ரா, கூஃபா ரெண்டும் ரெண்டாவது கலீஃபா உமர் காலத்துல படை தங்க ஒதுக்குன எடம், 638 வாக்குல. வீடெல்லாம் நாணல். சண்டைக்குப் போகும்போது பஸ்ராக்காரங்க நாணலை அவுத்து கெட்டி வச்சுட்டுப் போயி, திரும்பி வந்து மறுபடி நாட்டுவாங்க. கூஃபாவுல தீப்பிடிச்சு எல்லாம் எரிஞ்ச பிறகுதான், சரி செங்கல்ல கெட்டுங்கன்னு உமர் அனுமதிச்சாரு, அதுவும் ஒருத்தருக்கு மூணு அறைக்கு மேல கூடாதுன்னு கண்டிசன். கூஃபாவுல பள்ளிவாசல் எடத்துல ஒருத்தர நிறுத்தி நாலாபக்கமும் அம்பு விட்டு, அம்பு விழுந்த எடத்துக்கு அப்பால வீடு கெட்டச் சொன்னாங்க. நடுவுல அவ்வளவு எடம் காலியா விட்டாங்கங்கறதுதான் எனக்குப் பிடிச்ச விசயம், நம்ம பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கார் திருப்ப முடியுதா?

மார்த்தாண்டம் வாசகர்: அங்க குவிமாடம், நம்ம பக்கத்து பழைய பள்ளிவாசல்ல ஏன் அது இல்ல?

மழைதான் அண்ணே பெரிய காரணம். ரெண்டு பருவமழையும் வாங்குற ஊரு நம்மது. மலையாளக் கரையில மரமும் சரிவான ஓட்டுக்கூரையும், காயல்பட்டினம் பக்கம் கல்தூண், அந்தந்த ஊரு ஆசாரிங்களுக்கு என்ன தெரியுமோ அதத்தான் கெட்டுனாங்க. இப்ப தெரியுற குவிமாடமெல்லாம் பெரும்பாலும் பின்னால கான்கிரீட்டுல வந்தது.