மனிதர்களை உள்ளபடி பார்க்கத் தொடங்கினால் மனம் கசந்துவிடாதா?

மனிதர்களை உயர்த்தி எண்ணாமல் உள்ளபடி பார்க்கப் பழகினால், யார் மீதும் அன்பு இல்லாமல் போய்விடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். நெருங்கிய ஒருவர் அண்மையில் உங்களைக் கைவிட்டிருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். இல்லையென்றால் கேள்வியில் இவ்வளவு காரம் இருந்திருக்காது.

என் தந்தை படுத்த படுக்கையாக இருந்த காலத்தில், இரவில் உடனிருப்பதற்கு நானும் அண்ணனும் முறை வைத்துக்கொண்டோம். அண்ணன் அவர் மீது உயிரையே வைத்திருந்தவர். ஆயினும் தம் முறை வரும் நாளில் தலைவலியோ அலுவலக வேலையோ தவறாமல் வந்துவிடும். உறவினர்களில் ஒரு சாரார் அவருக்காகச் சாக்குச் சொன்னார்கள். மறு சாரார் அவருடைய பாசமே நடிப்பு என்றார்கள். நான் கண்டது வேறு. தந்தை வலியால் முனகத் தொடங்கினாலே அண்ணனுக்குக் கை நடுங்கும். அதே மனிதர், மருத்துவமனை ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி, காப்பீட்டு நிறுவனம் முதலில் மறுத்த தொகையை விடாமல் கடிதம் எழுதியே பெற்றுவிட்டார். ஆகவே இரவுகளை அவரிடமிருந்து எடுத்துவிட்டு, பணம், மருந்து, காகிதம் ஆகிய மூன்றையும் முழுவதுமாக அவரிடம் ஒப்படைத்தேன். சோம்பேறிக்குச் சலுகை காட்டிவிட்டு அதற்கு ஞானம் என்று பெயர் சூட்டுவதாகச் சிலர் இங்கே எழுதக்கூடும். இரவில் எனக்கு உதவ அமர்த்திய செவிலியரின் சம்பளத்தையும் அவரிடமே வாங்கினேன் என்பதை அவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். கோபம் இல்லையா என்றால், இருந்தது; இப்போதும் சில நேரங்களில் வருகிறது.

ஜான் டார்லி, டேனியல் பாட்சன் என்ற உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. பிரின்ஸ்டன் இறையியல் மாணவர்கள் சொற்பொழிவாற்ற வேறொரு கட்டடத்துக்குச் செல்லும் வழியில், ஒருவர் இருமியபடி வாசலோரம் சரிந்து கிடந்தார். நேரம் இருந்தவர்களில் 63 விழுக்காட்டினர் உதவ முன்வந்தார்கள். மிகுந்த அவசரத்தில் இருந்தவர்களிலோ 10 விழுக்காட்டினர் மட்டுமே. இத்தனைக்கும் சிலர் பேசச் சென்ற தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியருக்கு உதவியவரைப் பற்றி விவிலியம் சொல்லும் நல்ல சமாரியர் கதைதான். பக்தியெல்லாம் போலி என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அது சோம்பலான வாசிப்பாகவே படுகிறது. ஒருவரை எடைபோடும்போது அவர் எந்த நெருக்கடியில் நின்றார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

"யாரிடமும் எதையும் எதிர்பார்க்காதே" என்று அறிவுரை சொல்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். நான் பார்த்தவரையில், பிறர் தம்மிடம் நியாயமாக எதிர்பார்த்ததைச் செய்யத் தவறியவர்களே அதை அதிகம் சொல்கிறார்கள். எதிர்பார்க்கத்தான் வேண்டும்; யாரிடம் எதை என்பதில் மட்டும் கண்டிப்பு தேவை. நேற்றுவரை தெய்வமாக இருந்தவரை இன்று அரக்கனாக்குபவர், இரண்டு முறையும் அந்த மனிதரைப் பார்க்கவில்லை. கசப்பு அங்கிருந்துதான் வருகிறது.

எல்லோருக்கும் இப்படி வேறு பொறுப்பு தேடிக் கொடுக்கச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். நம்பிக் கொடுத்த பணத்தை மறைத்தவரிடமிருந்தும், உங்களைப் பற்றிப் பொய் பரப்பியவரிடமிருந்தும் விலகிவிடுவதே சரி. உங்களைக் கைவிட்டவர் எந்த வகை என்று என்னால் சொல்ல இயலாது. அவர் சொன்னவற்றை ஒதுக்கிவிட்டு, செய்தவற்றையும், அப்போது அவருக்கு இருந்த நெருக்கடியையும் மட்டும் நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.