ஓவைன் என்னும் வெல்ஷ் பெயர்: கேள்வி பதில்

வேல்ஸ் நாட்டு ஆண்பெயர்களுள் ஒன்றான ‘ஓவைன்’ குறித்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகளையும் அவற்றுக்கான என் பதில்களையும் கீழே தொகுத்திருக்கிறேன். ஒரே செய்தியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, ஓவன் என்று நாம் அடிக்கடி கேள்விப்படும் ஆங்கிலப் பெயரும் ஓவைன் என்பதும் ஒன்றுதானா?

பதில்: ஒன்றுதான். ஓவைன் என்பது வெல்ஷ் வடிவம். ஓவன் என்பது அதன் ஆங்கில எழுத்துவழக்கு. இடைக்கால ஏடுகளில் எவைன், இவைன் போன்ற வடிவங்களும் கிடைக்கின்றன. பிரெஞ்சுக்காரர்கள் அதை இவான் என்று எழுதினார்கள். இலத்தீனில் எழுதிய எழுத்தர்கள் ஓவினுஸ், எவுகேனியுஸ், அவுடோயெனுஸ் என்று அவரவர் விருப்பப்படி எழுதியிருக்கிறார்கள். இவற்றுள் அவுடோயெனுஸ் என்பது உண்மையில் வேறொரு ஜெர்மானியப் பெயருக்கு உரிய வடிவம். ஒலி ஒற்றுமையால் இங்கே ஒட்டிக்கொண்டது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலத்தீன் குறும்பாக்களால் ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்ற ஜான் ஓவன், தம் நூல்களின் முகப்பில் அந்த வடிவத்தையே தம் பெயராகப் போட்டுக்கொண்டார்.

கேள்வி: இந்தப் பெயரின் மூலம் என்ன? ‘நற்குடிப் பிறந்தவன்’ என்று ஓரிடத்திலும், ‘தெய்வத்துக்குப் பிறந்தவன்’ என்று மற்றோரிடத்திலும் படித்தேன். எது சரி?

பதில்: நீங்கள் படித்த இரண்டுக்கும் அறிஞர்களிடையே ஆதரவாளர்கள் உண்டு. முதற்கருத்தின்படி, ரோமானியர் பிரித்தானியாவை ஆண்ட காலத்தில் வழங்கிய எவுகேனியுஸ் என்ற பெயரே மருவி ஓவைன் ஆயிற்று. அது கிரேக்க மூலமுடையது. ‘நற்குடிப் பிறந்தவன்’ என்பது அதன் பொருள். உயிரெழுத்துகளுக்கு இடையே நின்ற ககர ஒலி நெகிழ்ந்து மறைவது வெல்ஷ் மொழியின் வளர்ச்சியில் வழக்கமாக நடந்ததுதான் என்பதால், இதில் ஒலியியல் தடை ஏதும் இல்லை. இரண்டாம் கருத்தினர், கால் (Gaul, ஏறக்குறைய இன்றைய பிரான்ஸ்) நாட்டில் வழிபடப்பட்ட ஈசுஸ் என்னும் தெய்வத்தின் பெயரை முன்னிறுத்தி, ‘ஈசுஸுக்குப் பிறந்தவன்’ என்ற பழங்கெல்ட்டியக் கூட்டுச்சொல்லை மூலமாகக் காட்டுகிறார்கள்.

எனக்கு முதற்கருத்தே வலுவாகத் தோன்றுகிறது. 937-இல் நடந்த புருனன்பர் போரின் காலத்தில் ஸ்ட்ராத்கிளைடு பகுதியை ஆண்ட ஓவைனை, பிற்கால இலத்தீன் வரலாற்றாசிரியர்கள் எவுகேனியுஸ் என்றே குறிக்கிறார்கள். அதுவே முடிவான சான்று ஆகிவிடாது. எழுதியவர்களின் காதுக்கு இரு பெயர்களும் ஒன்றாகப் பட்டன என்பதை மட்டுமே அது காட்டுகிறது. ஆயினும் ஈசுஸ் தரப்பில் அந்த அளவுச் சான்றும் இல்லை.

கேள்வி: ஆர்தர் கதைகளில் சிங்கத்தோடு திரியும் வீரன் இவான் வருகிறானே, அவனுக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பு உண்டா?

பதில்: அவனே இவன். கதைக்கு முன்னால் ஒரு மனிதர் இருந்தார். 6-ஆம் நூற்றாண்டில், இன்றைய வடமேற்கு இங்கிலாந்தை ஒட்டியிருந்ததாகக் கருதப்படும் ரெகெட் நாட்டை ஈரியென் ஆண்டார். அவருடைய மகன் ஓவைன், வடகிழக்கிலிருந்து பரவிவந்த ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டவர். அவர் இறந்தபோது பாடப்பட்டதாகச் சொல்லப்படும் கையறுநிலைப் பாடல் ஒன்று தாலியெசின் என்னும் புலவரின் பெயரால் வழங்குகிறது. வெல்ஷ் இலக்கியத்தின் மிகப் பழைய அடுக்கைச் சேர்ந்த பாடல்களோடு வைத்து எண்ணப்படும் பாடல் அது. வேல்ஸின் பழம்பாடல்கள் பல இன்றைய வேல்ஸின் எல்லைக்கு வெளியே நடந்தவற்றைப் பாடுபவை என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

அந்த ஓவைன் பின்னர் ஆர்தர் அவைக்கு இழுத்துவரப்பட்டார். 12-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கிரேட்டியன் தெ ட்ருவா பிரெஞ்சு மொழியில் அவரைச் சிங்கத்தின் தோழனாக்கினார். 1200-ஐ ஒட்டி ஹார்ட்மன் ஃபொன் அவே அதை ஜெர்மனுக்குக் கொண்டுபோனார். வெல்ஷ் மொழியிலும் அதற்கு இணையான உரைநடைக் கதை இருக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்தது, ரொனாபுய் என்பவன் காணும் கனவாக எழுதப்பட்ட வெல்ஷ் கதையில் வரும் காட்சி. ஆர்தரும் ஓவைனும் பலகையின் முன் அமர்ந்து காய் நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள். ஆர்தரின் ஆட்கள் ஓவைனின் காக்கைப் படையைத் துன்புறுத்துகிறார்கள் என்று செய்தி வருகிறது. ‘உம் ஆட்களைத் தடுத்து நிறுத்தும்’ என்று ஓவைன் வேண்ட, ‘ஆட்டத்தைக் கவனி’ என்பதே ஆர்தரின் விடையாக இருக்கிறது. பின்னர் ஓவைன் தம் கொடியை உயர்த்தச் சொல்ல, காக்கைகள் எழுந்து ஆர்தரின் ஆட்களைக் கிழிக்கத் தொடங்குகின்றன. இப்போது ஆர்தர் வேண்டுகிறார். ஓவைன் ‘ஆட்டத்தைக் கவனியும்’ என்கிறார். கடைசியில் ஆர்தர் பொற்காய்களைக் கையில் அள்ளித் தூளாக நொறுக்கிய பிறகே கொடி இறங்குகிறது. பேரரசனுக்கு எதிரே சற்றும் தாழாமல் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தக் கதைசொல்லி இட்ட பெயர் ஓவைன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிற்கால வரலாற்றிலும் இந்தப் பெயர் அப்படித்தான் நடந்துகொண்டது.

கேள்வி: ஓவைன் க்வினெத், ஓவைன் கவைலியோக், ஓவைன் லவ்கோஹ் என்று எல்லோருக்கும் ஒரு பின்னொட்டு இருக்கிறதே, ஏன்?

பதில்: தேவை இருந்தது, அதனால்தான். 12-ஆம் நூற்றாண்டு வேல்ஸில் ‘க்ரிஃபித்தின் மகன் ஓவைன்’ என்று சொன்னால், எந்த ஓவைன் என்று கேட்க வேண்டிய நிலை. வடக்கே க்வினெத் நாட்டை 1137 முதல் 1170 வரை ஆண்டவரும் க்ரிஃபித்தின் மகன் ஓவைன். போவிஸ் நாட்டில் கவைலியோக் பகுதியை ஆண்டு 1197-இல் மறைந்தவரும் க்ரிஃபித்தின் மகன் ஓவைன். ஆகவே முன்னவர் ஓவைன் க்வினெத் ஆனார். பின்னவர் ஓவைன் கவைலியோக் ஆனார். பின்னவர் அரசர் மட்டுமல்லர், புலவரும்கூட. போர் முடிந்த இரவில் மதுக்கொம்பை ஒவ்வொரு வீரனிடமும் அனுப்பி அவனவன் செயலைப் புகழும் பாடல் ஒன்று அவர் பெயரில் வழங்குகிறது.

முன்னவர் அரசியலில் பெரியவர். இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி 1157-இல் படையெடுத்து வந்தபோது, வடகிழக்கு வேல்ஸின் காட்டுப்பகுதியில் நடந்த திடீர்த் தாக்குதலில் அரசர் உயிர்தப்பியதே பெரிய காரியமாயிற்று. அந்த ஆண்டு ஓவைன் பணிந்து போக நேர்ந்தாலும், 1165-இல் வெல்ஷ் அரசர்கள் ஏறக்குறைய அனைவரும் அவர் தலைமையில் கார்வென் அருகே திரண்டார்கள். பெர்வின் மலையைக் கடந்துவந்த ஆங்கிலப் படையைக் கோடைக்கால அடைமழையும் உணவுப் பற்றாக்குறையும் பின்வாங்கச் செய்தன. ஆத்திரம் தீராத ஹென்றி, தம்மிடம் பணயமாக இருந்தவர்களின் கண்களைப் பறிக்கச் செய்தார். அவர்களுள் ஓவைனின் புதல்வர்களும் இருந்தார்கள். ஓவைன் அசையவில்லை. பிரெஞ்சு அரசர் ஏழாம் லூயிக்கு அவர் கடிதங்கள் எழுதினார். ஆங்கில அரசருக்கு எதிராகப் பிரான்சை நாடுவது என்ற அந்த உத்தி, இதே பெயர் தாங்கிய இன்னும் இருவரிடம் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள்.

கேள்வி: லவ்கோஹ் என்பவர் யார்? அவர் ஒரு குகையில் இன்னும் உறங்கிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார்களே?

பதில்: லவ்கோஹ் என்றால் செங்கையன். வேல்ஸின் கடைசிச் சுதந்திர இளவரசர் ஹ்லவெலின் 1282-இல் கொல்லப்பட்ட பிறகு, அவருடைய தம்பி ரோட்ரி இங்கிலாந்தில் ஒரு சாதாரண நிலக்கிழாராக அடங்கி வாழ்ந்தார். அந்த ரோட்ரியின் பேரன்தான் ஓவைன் லவ்கோஹ். அவர் பிரெஞ்சு அரசரிடம் படைத்தலைவராகச் சேர்ந்து, 1372-இல் வேல்ஸ் தமக்கு உரியது என்று அறிவித்துக் கப்பற்படையோடு புறப்பட்டார். வழியில் கெர்ன்சி தீவைத் தாக்கினார். அதற்கு மேல் வேல்ஸை நோக்கிச் செல்ல விடாமல், பிரெஞ்சு அரசர் அவரை வேறு பணிக்குத் திருப்பிவிட்டார். 1378-இல் மோர்த்தான் கோட்டையை முற்றுகையிட்டிருந்த வேளையில், ஜான் லாம் என்ற ஸ்காட்லாந்துக்காரன் அவரிடம் பணியாளனாகச் சேர்ந்து நம்பிக்கை பெற்று, காலையில் அவர் தலைவாரிக்கொள்ள அமர்ந்திருந்தபோது குத்திக் கொன்றான் என்று பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஃப்ருவாசார் எழுதுகிறார். அந்தக் கொலைக்காக ஆங்கில அரசுக் கருவூலம் அவனுக்கு 20 பவுண்டு கொடுத்த பதிவு கணக்கேட்டில் இருக்கிறது. இறந்துவிட்ட அரசமரபு ஒன்றின் வாரிசுக்கு ஆங்கில அரசு எவ்வளவு அஞ்சியது என்பதற்கு அந்தக் கணக்கேட்டு வரியைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

குகைக் கதைக்கு வருகிறேன். வெல்ஷ் புலவர்களிடையே ‘முன்னறிவிக்கப்பட்ட மகன்’ என்ற நம்பிக்கை நெடுங்காலம் இருந்தது. நாட்டை மீட்க ஒருவன் திரும்பி வருவான் என்பது அதன் சாரம். அவனுக்குப் புலவர்கள் சூட்டிய பெயர்களுள் ஓவைன் முக்கியமானது. அயல்நாட்டில் கொல்லப்பட்டவர் அந்த நம்பிக்கைக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டதால், அவர் இறக்கவில்லை, உறங்குகிறார் என்று மக்கள் சொல்லத் தொடங்கினார்கள். கார்மார்தன் மாவட்டத்தில் ‘ஓவைனின் பாறைப் பலகை’ என்று பொருள்படும் பெயரோடு ஓர் ஏரி இருக்கிறது. கிணற்றை மூடியிருந்த கற்பலகையை ஓவைன் திரும்ப வைக்க மறந்துபோக, நீர் பொங்கி நிலத்தை மூழ்கடிக்க, அவர் குதிரையில் ஏறி அதைச் சுற்றிவந்த பிறகே வெள்ளம் நின்றது என்பது அந்த ஏரியின் கதை.

கேள்வி: ஓவைன் க்ளின்டூரை ஷேக்ஸ்பியர் நாடகத்தில் மாயவித்தைக்காரராகப் பார்த்தோம். உண்மையில் அவர் எப்படிப்பட்டவர்?

பதில்: நாடகத்தில் ஆவிகளை அழைப்பதாகப் பெருமை பேசும் கிழவரை மறந்துவிடுங்கள். அவர் இலண்டனில் சட்டம் பயின்றவர் என்றும் ஆங்கில அரசரின் படையில் பணியாற்றியவர் என்றும் கூறுவர். தந்தைவழியில் போவிஸ் அரசமரபையும் தாய்வழியில் தெற்கின் அரசமரபையும் சேர்ந்தவர். சஹார்த் என்ற ஊரில் இருந்த அவருடைய மாளிகையை இயோலோ கோஹ் என்னும் புலவர் பாடியிருக்கிறார்: சுற்றிலும் அகழி, புகைபோக்கியுள்ள கூரை, பழத்தோட்டம், மீன்குளம், யாரையும் தடுக்காத திறந்த கதவு.

அண்டையில் இருந்த ஆங்கிலப் பிரபு ஒருவரோடு ஏற்பட்ட நிலத்தகராறு முற்றி, 1400 செப்டம்பர் 16 அன்று அவர் வேல்ஸ் இளவரசராக அறிவிக்கப்பட்டார். 1402-இல் பிரின் க்ளாஸ் போரில் பெருவெற்றி. 1404-இல் மஹன்ஹ்லெத் நகரில் நாடாளுமன்றம், அதே ஆண்டில் பிரான்சோடு உடன்படிக்கை. 1406-இல் பென்னல் என்ற ஊரிலிருந்து பிரெஞ்சு அரசருக்கு அவர் அனுப்பிய கடிதத்தில், வெல்ஷ் திருச்சபை தனித்தியங்க வேண்டும், திருச்சபைப் பதவிகளுக்கு வெல்ஷ் மொழி அறிந்தவர்களையே அமர்த்த வேண்டும், வடக்கில் ஒன்றும் தெற்கில் ஒன்றுமாக இரண்டு பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்ற கோரிக்கைகள் இருந்தன. நிலத்தகராறில் தொடங்கியவர் ஆறே ஆண்டுகளில் ஒரு நாட்டின் உறுப்புகளை எண்ணிப்பார்க்கத் தொடங்கியிருந்தார். என் மதிப்பீட்டில் அவருடைய பெருமை போர்களைவிட அந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. அவர் முத்திரையில் பெயர் ‘ஓவினுஸ்’ என்று இலத்தீனில் பொறிக்கப்பட்டிருந்தது. 1409-இல் அவர் வசமிருந்த ஹார்லெஹ் கோட்டை வீழ்ந்தது. அவரோ பிடிபடவே இல்லை. அவரை யாரும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. முன்னறிவிக்கப்பட்ட மகன் என்ற நம்பிக்கைக்கு அவருடைய மறைவே மேலும் வலுவூட்டியது.

கேள்வி: இங்கிலாந்தை ஆண்ட டியூடர் குலத்துக்கும் ஓர் ஓவைன்தான் மூலமாமே?

பதில்: ஆம். அவருடைய முழுப்பெயர், டியூடரின் மகன் மரெதித்தின் மகன் ஓவைன். வெல்ஷ் முறையில் தந்தை பெயரும் பாட்டன் பெயரும் ‘ஆப்’ என்ற சொல்லோடு பின்னால் வரும். நம் முதலெழுத்து வழக்கத்தைப் போல, தலைமுறைதோறும் அது மாறிவிடும். ஆங்கிலேயருக்கு அது புரிபடாமல், இறுதியில் நின்ற பாட்டன் பெயரைக் குடும்பப்பெயராகக் கொண்டுவிட்டார்கள். தந்தை பெயரைக் கொண்டிருந்தால், எட்டாம் ஹென்றியை இன்று மெரடித் குலத்தவர் என்று படித்துக்கொண்டிருப்போம்.

இவருடைய தந்தையின் சகோதரர்கள் 1401-இல் க்ளின்டூருக்காகக் கான்வி கோட்டையைக் கைப்பற்றியவர்கள். அந்தக் கிளர்ச்சிக்குப் பின் வெல்ஷ்காரர்கள்மீது கடுமையான சட்டங்கள் இருந்த காலத்தில், மறைந்த ஐந்தாம் ஹென்றியின் மனைவி கேத்தரினை இவர் மணந்தார். 1461-இல் மார்ட்டிமர்ஸ் கிராஸ் போரில் தோற்றுப் பிடிபட்டு, ஹெர்ஃபோர்டு சந்தையில் தலைவெட்டப்பட்டார். அரசியின் மடியில் கிடந்த தலை இனி வெட்டுக்கட்டையில் கிடக்கும் என்று இறுதியில் அவர் சொன்னதாக அக்காலக் குறிப்பு ஒன்று கூறுகிறது. 24 ஆண்டுகள் கழித்து அவருடைய பேரன் ஏழாம் ஹென்றியாக அரியணை ஏறினார். ஓவைனின் பேரன் என்பதையே காரணமாக்கி, முன்னறிவிப்பு பலித்துவிட்டதாகப் புலவர்கள் பாடினார்கள்.

கேள்வி: குடும்பப்பெயராக ஓவன் எப்போது வந்தது? போவன் என்பதும் இதுதானா?

பதில்: 1536-இல் வேல்ஸ் இங்கிலாந்தோடு சட்டப்படி இணைக்கப்பட்டதைத் தொடர்ந்து, மாறாத குடும்பப்பெயர்கள் மெல்ல நிலைத்தன. உயிரெழுத்தில் தொடங்கும் பெயருக்கு முன் ‘ஆப்’ என்பது மெலிந்து ஒலிக்கும். அந்த மெல்லொலி பெயரோடு ஒட்டிப் போவன் ஆயிற்று. நேராக ஓவன் என்று நின்றவர்களே மிகுதி.

அவர்களுள் கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடியான ராபர்ட் ஓவன் 1771-இல் நியூடவுனில் பிறந்து, ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் தம் கொள்கைகளைச் சோதித்துப் பார்த்து, 1858-இல் அதே ஊருக்குத் திரும்பிவந்து இறந்தவர். தையற்காரராக இருந்து வெல்ஷ் நாவலுக்கு அடித்தளமிட்ட டேனியல் ஓவன் 1836-இல் பிறந்தவர். க்ளின்டூர் கேட்ட பல்கலைக்கழகக் கனவை 1872-இல் அபெரிஸ்ட்வித் கல்லூரியாக நனவாக்கியதில் பெரும்பங்கு ஹியூ ஓவன் என்பவருடையது. முதல் உலகப்போர்க் கவிஞர் வில்ஃப்ரெட் ஓவன் எல்லைக்கு அப்பால், இங்கிலாந்தின் ஆஸ்வெஸ்ட்ரியில் பிறந்தவர், பெயர்தான் வேல்ஸ்.

கேள்வி: இன்றும் இப்பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டுகிறார்களா?

பதில்: சூட்டுகிறார்கள். ஓவன் என்ற வடிவம் அமெரிக்கா வரை பரவிவிட்டது. வெல்ஷ் எழுத்திலேயே ஓவைன் என்று வைப்பது பெரும்பாலும் வேல்ஸ் மக்களின் தேர்வு. இசை நடத்துநர் ஓவைன் ஆர்வெல் ஹியூஸ், கால்பந்து கோல்காப்பாளர் ஓவைன் வோன் வில்லியம்ஸ் ஆகியோரை நீங்கள் அறிந்திருக்கலாம்.

ஒரு குடும்பத்தை மட்டும் தனியே சொல்ல வேண்டும். 1858-இல் பிறந்த ஓவன் மார்கன் எட்வர்ட்ஸ், பள்ளியில் வெல்ஷ் பேசியதற்காகக் கழுத்தில் மரத்துண்டு மாட்டித் தண்டிக்கப்பட்ட சிறுவன். பின்னர் 1907-இல் வேல்ஸ் பள்ளிகளின் தலைமை ஆய்வாளராக ஆனவர். அவர் மகன், வழக்கொழிந்துகொண்டிருந்த பழைய முறையைக் கைக்கொண்டு ‘ஓவனின் மகன் இவான்’ என்றே தம்மை அழைத்துக்கொண்டார் (இந்த இவான் முன்பு சொன்ன பிரெஞ்சு வடிவம் அன்று). வெல்ஷ் மொழிக்கான இளைஞர் இயக்கத்தை 1922-இல் தொடங்கியவர் அவர். அவருடைய மகனுக்கு மீண்டும் ஓவன் என்று பெயரிட்டார்கள். 1982-இல் வெல்ஷ் மொழித் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநராக இருந்தவர் அந்த ஓவன் எட்வர்ட்ஸ்.