கல்லீரல் சுருக்கமும் கரையும் தசையும்: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு சிரோசிஸ், அதாவது கல்லீரல் சுருக்கம். எடை குறையவில்லை, ஆனால் கைகால் மெலிந்துகொண்டே போகிறது. ஏன் மேடம்?

பதில்: எடையை நம்பாதீர்கள். வயிற்றில் சேரும் நீர், கரைந்த தசையை மறைத்துவிடும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுகிறாரா என்று பாருங்கள். நல்ல கல்லீரல் இரவுக்குத் தேவையான சர்க்கரையைக் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கும். சுருங்கிய கல்லீரலில் அந்த இருப்பு குறைவு. மற்றவர்கள் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் வரும் நிலை இவருக்கு ஒரே இரவில் வந்துவிடும். உடல் தசையை உடைத்துச் சர்க்கரை செய்துகொள்ளும். அதனால் படுக்கும் முன் சுமார் 50 கிராம் மாவுச்சத்து தரும் சிற்றுணவு, எழுந்ததும் காலை உணவு. வெறும் வயிற்றோடு தூங்க விடாதீர்கள்.

கேள்வி: புரோட்டீன் பவுடர் தரலாமா?

பதில்: சாப்பாட்டில் போதாவிட்டால் மட்டும், மருத்துவரிடம் கேட்டு.

கேள்வி: புரதம் தந்தால் மூளை குழம்பும் என்கிறார்களே?

பதில்: பழைய கதை. நீர் கழித்த எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தினமும் தேவை.

கேள்வி: மன்னிக்கவும், ஒப்புக்கொள்ள முடியாது. முட்டை சாப்பிட்ட மறுநாளே என் மாமாவுக்குக் குழப்பம் வந்தது.

பதில்: அன்று மலச்சிக்கல் இருந்ததா? காய்ச்சல், கறுப்பு மலம், தூக்க மாத்திரை? முதலில் தேட வேண்டியது இவற்றை. மூளையைக் குழப்புவது, கல்லீரல் அகற்ற முடியாமல் ரத்தத்தில் சேரும் அம்மோனியா என்ற கழிவு. அதைக் குளூட்டமின் என்ற வேறு பொருளாக மாற்றிக் கல்லீரலுக்குக் கைகொடுப்பதே தசைதான். புரதத்தைக் குறைத்தால் தசை போகும், அம்மோனியா இன்னும் ஏறும். குழப்பத்தோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் சிலருக்குப் புரதத்தைக் குறைத்தும் சிலருக்கு வழக்கம்போலவும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2004-இல் வந்தது. குறைத்ததால் குழப்பம் சீக்கிரம் தெளியவில்லை.

கேள்வி: அப்படியானால் இறைச்சியும் ஒன்றுதான், பயறும் ஒன்றுதானா?

பதில்: இல்லை, இதில் உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. இறைச்சி ஒத்துக்கொள்ளாத சிலருக்குப் பாலும் பயறும் ஒத்துக்கொள்ளும். வகையை மாற்றுங்கள், அளவைக் குறைக்காதீர்கள்.

கேள்வி: எந்த பவுடர் நல்லது?

பதில்: முன்பே சொன்னதுதான், மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: உடற்பயிற்சி?

பதில்: நடையோடு, லேசான எடைப் பயிற்சியும் வேண்டும். உணவுக்குழாயில் ரத்தக்குழாய் புடைத்திருந்தால் மருத்துவர் அனுமதிக்காமல் மூச்சடக்கிக் கனம் தூக்க வேண்டாம். சாப்பிடாமல் பயிற்சி செய்யவே கூடாது.

கேள்வி: பவுடரைப் பாலில் கலக்கலாமா?

பதில்: அப்பப்பா! உங்கள் மருத்துவர் எழுதித் தந்தால், கலக்கலாம்.

கேள்வி: எனக்குச் சுருக்கம் இல்லை, கொழுப்புக் கல்லீரல் மட்டும். இரவு ஏதாவது சாப்பிடவா?

பதில்: வேண்டாம். உங்களுக்கு எடை குறைப்பதுதான் வேலை. தனிக் கேள்வியாகப் போடுங்கள்.