வலென்சியாவில் மூன்று நாள்: மதியச் சோற்றைச் சுற்றித் திட்டமிடுங்கள்

கேள்வி: செப்டெம்பர் இறுதியில் லண்டனிலுள்ள மகளிடம் போகும்போது, அவளோடு ஸ்பெயினின் வலென்சியா நகருக்கு மூன்று நாள்கள் சென்றுவர நினைக்கிறேன். இடம் பார்ப்பதைவிட அங்குள்ள சாப்பாட்டை அறிவதே எங்கள் விருப்பம். முதல் நாள் இரவே கடற்கரையில் கடலுணவுப் பயெல்லா என்ற சோற்றைச் சாப்பிடலாமா? நான் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் உண்பதில்லை.
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: இரவில் வேண்டாம். வலென்சியா மக்களுக்குப் பயெல்லா மதிய உணவு. பிற்பகல் இரண்டு மணியளவில் குடும்பமாக உட்கார்ந்து உண்பது. ஆகவே உங்கள் மூன்று நாள்களையும் மூன்று மதியங்களாக எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சோறு என்று தீர்மானித்துவிட்டு, மற்றவற்றை அவற்றைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள்.

கடலோர நகரம் என்றாலும் அதன் பழைய பயெல்லாவில் மீன் கிடையாது. கோழி, முயல், தட்டையான பச்சை அவரை, பெரிய வெள்ளை அவரை, தக்காளி, குங்குமப்பூ ஆகியவற்றோடு குட்டையான குண்டு அரிசியை அகன்ற ஆழமற்ற தாச்சியில் பரப்பி, இடையில் கிளறாமல் வேகவிடுகிறார்கள். அடியில் பொன்னிறமாகப் பிடிக்கும் மொறுமொறுப்பான பகுதிக்குச் ‘சொக்காராட்’ என்று பெயர். நம் வீடுகளில் அடிப்பிடித்த சோற்றுக்குப் பிள்ளைகள் போட்டியிடுவதைப் போலவே அங்கும் அதற்குப் போட்டி உண்டு. இதை உண்பதற்கு, நகருக்குத் தெற்கே வயல்கள் சூழ்ந்த அல்புஃபேரா களப்பின் கரையிலுள்ள எல் பல்மார் கிராமத்துக்கே செல்லுங்கள். நீங்கள் போகும் காலம் அங்கே நெல் அறுவடைக் காலம்; தம்பலகாமத்து வயல்வெளியை அறிந்த உங்களுக்கு அந்தக் காட்சி மிகவும் பிடிக்கும். விலாங்கு மீனை உள்ளியும் சிவப்பு மிளகாய்த்தூளும் சேர்த்துச் சமைக்கும் ‘ஆல் இ பெப்ரே’ அந்த ஊருக்கே உரியது, அதையும் தவறவிடாதீர்கள். பயெல்லா பெரும்பாலும் இருவருக்குக் குறையாமலே சமைக்கப்படுவதால், முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

இரண்டாம் மதியத்தில் கடலுணவு வரட்டும். மீன் அவித்த சாற்றில் வேகவைக்கும் ‘அறோஸ் அ பாந்தா’ என்ற சோற்றையே நான் பரிந்துரைப்பேன். சாற்றின் சுவை முழுவதும் அரிசிக்குள் இறங்கியிருக்கும். மூன்றாம் மதியத்துக்குக் காய்கறிப் பயெல்லா போதும். அடுப்பில் சுடும் ‘அறோஸ் அல் ஹோர்ன்’ என்ற சோற்றில் பன்றி இறைச்சியும் இரத்தம் சேர்த்த சொசேஜும் சேர்வதால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

1928இல் திறக்கப்பட்ட மத்திய சந்தைக்குக் காலையிலேயே செல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அது மூடியிருக்கும். ஒரு மாலையில், விமான நிலையத்திலிருந்து வரும் அதே 3ஆம் இலக்க மெட்ரோவில் ஏறி அல்போராயாவுக்குச் சென்று, கோரை இனப் புல்லின் சிறு கிழங்கை அரைத்துப் பிழிந்து குளிர வைத்த ‘ஓர்ச்சாத்தா’ பானத்தை, நீண்ட மென்மையான ‘ஃபார்த்தோன்’ பணிஸோடு அருந்துங்கள். அதில் மாட்டுப்பால் சேர்வதில்லை.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். பிரித்தானிய வீசா ஸ்பெயினுக்குச் செல்லாது. இலங்கைக் கடவுச்சீட்டுக்குத் தனியாக, ஸ்பெயின் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் வீசா வேண்டும். லண்டனுக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், நீங்கள் வசிக்கும் இலங்கையிலிருந்தே விண்ணப்பியுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதியும் கட்டாயம்.