மக்காச்சோளத்திலேயே தொழிற்சாலை நொதியை விளைவிக்க முடியுமா? முடியும் என்றால் ஏன் எல்லா நொதிக்கும் அப்படிச் செய்வதில்லை?

முடியும், செய்தும் விட்டார்கள். அமெரிக்காவில் சின்ஜென்டா என்ற விதை நிறுவனத்தின் 'எனோஜென்' மக்காச்சோளத்துக்கு அந்நாட்டு வேளாண் துறை 2011 பிப்ரவரியில் அனுமதி கொடுத்தது. அதன் மணிக்குள்ளேயே ஸ்டார்ச்சை உடைக்கும் ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது.

எத்தனால் ஆலையில் முதல் வேலை, மாவைத் தண்ணீரில் கரைத்துச் சூடாக்கி ஸ்டார்ச்சை உடைப்பது. அந்தச் சூட்டில் சாதாரண நொதி செத்துவிடும். அதனால் கடலடி வெந்நீர் ஊற்றுகளில் வாழும் நுண்ணுயிர் வகையின் மரபணுக்களை ஒட்டவைத்து, சூடு தாங்கும் ஒன்றை உருவாக்கினார்கள். மணி காய்ந்திருக்கும்வரை அது சும்மா கிடக்கும். தண்ணீரும் சூடும் பட்டால் வேலையைத் தொடங்கும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், நொதியைப் பிரித்தெடுக்கவே தேவையில்லை என்பதுதான். மற்ற சோளத்தோடு கொஞ்சம் கலந்து அரைத்தால் போதும். சுத்தமாகப் பிரித்து விற்க வேண்டிய நொதி என்றால் கதையே வேறு. வழக்கமாக நொதி தயாரிக்கத் தொட்டியில் வளர்க்கும் பாக்டீரியாவும் பூஞ்சையும் நொதியை வெளியே கக்கிவிடும், வடிகட்டிக்கொள்ளலாம். மணியிலோ மற்ற புரதங்களுக்கு நடுவே தேட வேண்டும், அளவு போதவில்லை என்றால் அடுத்த அறுவடைக்குக் காத்திருக்கவும் வேண்டும். (நான் தொட்டிப் பக்கம் வேலை பார்த்தவன், கொஞ்சம் பாரபட்சம் இருக்கலாம்.)

அப்புறம் கலப்படம். எனோஜெனை அமெரிக்க மாவு ஆலைக்காரர்கள் எதிர்த்தது விஷம் என்றல்ல. நொதி தன் வேலையை நன்றாகச் செய்கிறதே என்றுதான். சாப்பாட்டுச் சோளத்தில் கொஞ்சம் கலந்தாலும் மாவு நீர்த்துப்போகும், சிப்ஸ் சரியாக வராது. மக்காச்சோள மகரந்தமோ காற்றில் பறப்பது. மகரந்தம் மட்டுமல்ல, உதிர்ந்த மணியும் தொல்லைதான். 2002-இல் நெப்ராஸ்காவில், புரோடிஜீன் நிறுவனம் மருந்துப் புரதத்துக்காக விளைவித்த சோளத்தின் மிச்ச மணிகள் அடுத்த போகத்துச் சோயாவுக்குள் முளைத்துவிட்டன. சுமார் 5 லட்சம் புஷல் (அமெரிக்கத் தானிய அளவு) சோயா முடக்கப்பட்டது, அபராதம் 2.5 லட்சம் டாலர்.

என்னைக் கேட்டால், கலந்தாலும் பண்டம் கெடாத நொதியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபைட்டேஸ் அப்படிப்பட்டது. தீவனத்தில் கோழியும் பன்றியும் செரிக்க முடியாமல் கழிக்கும் பாஸ்பரஸை அது விடுவித்துக் கொடுக்கும். தீவனச் சோளத்திலேயே அது விளைந்தால் தனியாக வாங்கிச் சேர்க்க வேண்டாம். சீனா 2009-இலேயே அப்படியொரு மக்காச்சோளத்துக்கு உயிரிப் பாதுகாப்புச் சான்றிதழ் கொடுத்தது.