"இந்த வயசுல இதெல்லாம் தேவையா?"

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு 61 வயது. போன வருஷம்தான் ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றேன். கும்பகோணத்தில் தனியாக இருக்கிறேன். கணவர் மாரடைப்பில் போய் நாலு வருஷம் ஆகப்போகிறது. மகனுக்கு 36, சென்னையில் குடும்பத்தோடு இருக்கிறான். மகளுக்கு 30, கோவையில் வேலை. இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

அவர் ஓட்டிய ஸ்கூட்டர் போர்டிகோவில் பழைய பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு அப்படியே நின்றது. அவர் இருந்தவரை நான் அதைத் தொட்டதில்லை. "நான் இருக்கேன்ல, உனக்கெதுக்கு?" என்பார், பிரியமாகத்தான். அவர் போன பிறகு ஒரு அட்டை மாத்திரை வாங்கக்கூட ஆட்டோவுக்குக் காத்து நிற்க வேண்டியிருந்தது. தை பிறந்ததும் ஒரு நாள் பெட்ஷீட்டை எடுத்து உதறினேன். மெக்கானிக்கை வரவழைத்து பேட்டரி மாற்றினேன். எங்கள் தெருவில் ஒரு பெண், அஞ்சாம் வகுப்பில் என்னிடம் படித்தவள், விடியற்காலையில் மகாமகக் குளத்துப் பக்கம் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுக்கிறாள். "டீச்சர், ஆக்ஸிலேட்டரை இறுக்காதீங்க. சாக்பீஸ் பிடிக்கிற மாதிரி பிடிங்க" என்றாள். அன்றைக்குத்தான் வண்டி எனக்கு வசப்பட்டது. எல்.எல்.ஆர். எடுத்துவிட்டேன். புடவை சக்கரத்தில் மாட்டக்கூடாதே என்று இரண்டு சுடிதார் தைத்துக்கொண்டேன்.

அவ்வளவுதான். "அண்ணி, அண்ணன் போயி முழுசா நாலு வருஷம் ஆகல, அதுக்குள்ள சுடிதாரும் ஸ்கூட்டருமா?" என்று நாத்தனார் கேட்டார். மகன் போனில் கத்தினான். "இந்த வயசுல இதெல்லாம் தேவையாம்மா? விழுந்து இடுப்பு உடைஞ்சா யாரு பாக்குறது? என் மாமனார் வீட்ல ஒரு மாதிரி கேக்குறாங்க. அடுத்த வாரம் வந்து வண்டியை வித்துடறேன்."

அன்று ராத்திரி மகளிடம் சொல்லி அழுதேன். "நீ ஓட்டும்மா, நான் இருக்கேன்" என்றாள். மனசு லேசானதும் பழக்கதோஷத்தில் நான் ஆரம்பித்தேன்: "உன் வயசுல எனக்கு உங்கண்ணன் ஸ்கூலுக்குப் போயிட்டிருந்தான். நீ எப்பத்தான்..." கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அண்ணன் உன்கிட்ட கேட்டதும் நீ என்கிட்ட கேக்குறதும் ஒரே கேள்விதாம்மா" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள். பத்து நாளாக ஒற்றை வார்த்தையில்தான் பதில். நான் எங்கே தப்பு செய்தேன்?

பெயர் வேண்டாம்,
கும்பகோணம்

ஆலோசகர் பதில்

அன்புள்ள அம்மா,

வண்டி ஓட்டக் கற்றதில் தப்பில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இனி இதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். சட்டம் ஓட்டுநர் உரிமத்துக்குக் குறைந்தபட்ச வயது வைத்திருக்கிறது. இந்த வயதுக்கு மேல் கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. 40 தாண்டியவர்களிடம் மருத்துவச் சான்று கேட்கிறது. 55 தாண்டியவர்களுக்கு ஐந்தைந்து வருஷமாகத் தருகிறது. உடம்பு முடிகிறதா என்றுதான் அது பார்க்கிறது. "தேவையா?" என்று கேட்பது வீடும் தெருவும்தான்.

வயதுக்கு ஒரு கட்டம் போட்டு வைப்பது நமக்குப் பழைய பழக்கம். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழு பருவங்களை வகுப்பில் நீங்களே சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். செய்யுள் வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்களை வைத்து பேரிளம்பெண்ணுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வயது 32 முதல் 40 வரை. அதோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. 40-க்குப் பிறகு ஒரு பெண்ணுக்கு அதில் பெயரே கிடையாது. பெயரில்லாத இடத்தில் நிற்பவரைப் பார்த்தால் சுற்றியிருப்பவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரிவதில்லை, "வயசுக்குத் தகுந்த மாதிரி இரு" என்றுதான் வாயில் வருகிறது. உங்கள் மகளும் அதே பட்டியலில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். 30 வயதில் அவள் இருக்க வேண்டிய இடம் இது என்று நாம் ஏற்கெனவே எழுதிவைத்துவிட்டோம்.

அமெரிக்காவில் பெர்னிஸ் நியூகார்ட்டன் என்ற உளவியலாளர் இதற்கு 'சமூகக் கடிகாரம்' என்று பெயர் வைத்தார். படிப்பு, வேலை, கல்யாணம், பிள்ளை, ஓய்வு என்று ஒவ்வொன்றுக்கும் மணியடிக்கிற கடிகாரம். அவரும் உடன் பணியாற்றியவர்களும் 1965-ல் வெளியிட்ட ஆய்வு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். இன்ன வயதில் இன்னது செய்யலாமா என்று ஆட்களிடம் கேட்டார்கள். உங்கள் கருத்து என்ன, மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று இரண்டு விதமாகக் கேட்டார்கள். மற்றவர்கள் ரொம்பக் கறார், நான் அவ்வளவு இல்லை என்பதாகவே பதில்கள் இருந்தன. அப்படியென்றால் நாம் பயப்படுகிற அந்த 'நாலு பேர்' தனித்தனியாகக் கேட்டால் அவ்வளவு கறாரானவர்கள் இல்லை.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. வயது ஏற ஏற, தங்கள் சொந்தக் கருத்தே கறாராகிக்கொண்டு போனது. ஊர் சொல்வதாக இளையவர்கள் நினைத்ததை, பெரியவர்கள் தாங்களே சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். அம்மா, அன்று ராத்திரி போனில் நடந்தது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மகன் எந்தக் கோலால் உங்களை அளந்தாரோ, அதை வாங்கி நீங்கள் மகளை அளந்தீர்கள். அதுவும் அவள் உங்கள் பக்கம் நின்ற ஐந்தாவது நிமிஷத்தில். அவளுக்கு வலித்ததன் காரணம் அதுதான். கல்யாணப் பேச்சை அவள் இதற்கு முன்பும் எத்தனையோ தரம் கேட்டிருப்பாள்.

மகளிடம் நீளமாகப் பேச வேண்டாம். "நீ சொன்னது சரிதான், அண்ணன் கேட்டப்ப எனக்கு எப்படி இருந்துச்சோ அப்படித்தான் உனக்கும் இருந்திருக்கும்" என்று சொல்லுங்கள். 'ஆனாலும்' என்று ஒரு வார்த்தையைக் கடைசியில் சேர்க்காதீர்கள். அவளுடைய கல்யாணத்தைப் பற்றி உங்களுக்குக் கவலை இருந்தால் அது நியாயமான கவலைதான். அதை வேறொரு நாள் "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டு, அவள் சொல்வதைக் கேளுங்கள். "உன் வயசுல நான்" என்று ஆரம்பிக்கிற எந்த வாக்கியமும் கேள்வியாக அவள் காதில் விழாது.

மகன் விஷயம் வேறு. அவர் ஒரே மூச்சில் இரண்டு பயங்களைச் சொல்லியிருக்கிறார். விழுந்துவிடுவீர்களோ என்பது நிஜமான பயம், அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள், எலும்பு வலு எப்படியிருக்கிறது என்று டாக்டரிடம் கேளுங்கள், இருட்டிய பிறகு எடுக்காதீர்கள், கடைவீதி நெரிசலுக்கு இப்போதே போகாதீர்கள். ஹெல்மெட் வாரை மாட்டாமல் தெருமுனைக்குக்கூட வேண்டாம். இதையெல்லாம் செய்துவிட்டு அவரிடம் சொல்லுங்கள். மாமனார் வீட்டில் கேட்கிறார்கள் என்பது இரண்டாவது பயம். அதை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

மூன்றாவதாக அவர் சொல்லாத ஒன்றும் இருக்கலாம் என்று நினைக்கிறேன், தப்பாகவும் இருக்கலாம். அது அவருடைய அப்பாவின் வண்டி. பெட்ஷீட் மூடியிருந்தவரை அப்பாவின் இடம் அப்படியே இருந்தது. விற்றுவிடுகிறேன் என்ற வேகத்தில் கோபத்தைவிட அந்தப் பிரிவுதான் அதிகம் இருக்குமோ? நாத்தனாருக்கும் அது அண்ணன் வண்டிதானே. நீங்கள் துணிச்சலாகப் பெட்ஷீட்டை எடுத்துவிட்டீர்கள், அவர்கள் இன்னும் எடுக்கவில்லை.

வண்டி இன்னும் கணவர் பெயரிலேயே இருந்தால், வாரிசுச் சான்றை வைத்து ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும், இன்சூரன்ஸையும் பார்க்க வேண்டும். அடுத்த வாரம் மகன் விற்க வரும்போது அந்தக் காகிதங்களை அவர் கையில் கொடுத்து, "இதை நீ முடிச்சுக் குடுப்பா" என்று கேளுங்கள். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு ஒரு விடிகாலையில் அவரைப் பின்னால் உட்காரச் சொல்லுங்கள். ஹெல்மெட் இரண்டாக வாங்கிவிடுங்கள்.